டிலனாய் சரணடைந்த ஓவியத்தோடு கதையை முடித்துவிடாதீர்கள்

குமரி மாவட்டத்துக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துவரும் வரலாற்று ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பத்மநாபபுரம் அரண்மனையில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் சரணடையும் ஓவியத்தைக் காட்டி, "ஐரோப்பியனை நம்ம ஊர் ராஜா ஜெயிச்சார்" என்கிறீர்கள். உண்மைதான். மிளகு வணிகத்துக்காக வந்திறங்கிய டச்சுக் கம்பெனிப் படை 1741-ல் குளச்சலில் தோற்றது. ஆனால் திருவிதாங்கூர் அரசரிடம் டிலனாயின் உத்தியோகம் அந்த ஓவியம் முடியும் இடத்தில்தான் தொடங்குகிறது. (அவரை 'அட்மிரல்' என்பதையும் விட்டுவிடுங்கள், அவர் அட்மிரல் அல்ல.)

பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சி. உதயகிரிக் கோட்டையை ஊரார் டிலனாய் கோட்டை என்றே சொல்வார்கள். உள்ளே, கூரையில்லாத சிற்றாலயத்தில் அவர் கல்லறை. பிள்ளைகளை அங்கே கொஞ்ச நேரம் உட்காரவையுங்கள். கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. ஏறக்குறைய 37 ஆண்டுகள் அரசருக்கு ஊழியம் செய்தார், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை ஆயுத பலத்தாலும் அச்சுறுத்தலாலும் பணியவைத்தார் என்கிறது லத்தீன். அச்சுறுத்தல் என்ற சொல்லைக் கூசாமல் பெருமையாகவே வெட்டியிருக்கிறார்கள். காயங்குளத்துக்காரன் இந்தக் கதையை எப்படிச் சொல்லியிருப்பான் என்று ஒரு பிள்ளையாவது கேட்கட்டும்.

திருவிதாங்கூர்ப் படைக்கு அவர் ஐரோப்பிய முறையில் பயிற்சி தந்தார். உதயகிரியில் பீரங்கி வார்த்தார்கள். வட்டக்கோட்டையை அவர் புதுப்பித்தார். மக்கள் அவரை 'வலிய கப்பித்தான்' என்றார்கள். மார்த்தாண்ட வர்மா 1758-ல் மறைந்த பிறகு அடுத்த அரசருக்கும் அவரே தளபதி. வடக்கே அவர் எழுப்பிய நெடுங்கோட்டை அரண்தான் 1789 டிசம்பரில் திப்புவின் முதல் தாக்குதலைத் தாங்கியது. அப்போது அவர் இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்னொன்று. திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நட்டாலத்து நீலகண்ட பிள்ளைக்குக் கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னவர் டிலனாய்தான். 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் என்ற பெயர் ஏற்ற நீலகண்ட பிள்ளையை, 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் திருவிதாங்கூர் வீரர்கள் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது. ஆனால் டிலனாய்? அதே அரசின் தளபதியாக மேலும் 25 ஆண்டுகள் இருந்தார். பிழைப்பா, விசுவாசமா, வேறு போக்கிடம் இல்லாமையா? வகுப்பறையில் இதைக் கேளுங்கள். விடை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, போரின் தேதியை மனப்பாடம் செய்வதைவிட இது மேல்.

கிளம்பும் முன் மகன் யோவானின் கல்லையும் காட்டுங்கள். களக்காட்டில் நடந்த சண்டையால் 1765-ல் இறந்தவன், 20 வயதுகூட நிரம்பவில்லை. அப்பா கம்பெனிக்காக வந்து தோற்றார். பிள்ளை திருவிதாங்கூர் அரசருக்காகச் செத்தான்.

இப்படிக்கு,
அந்தக் கோட்டைக்கு அடிக்கடி போகும் ஒருவன்