ராஜினாமாக் கடிதத்தை மாதக் கடைசியில் எழுதாதே

அன்புள்ள தம்பிக்கு,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். "அக்கா, இந்த சேல்ஸ் வேலை எனக்கு ஒத்துவராது, விடப் போகிறேன்" என்கிறாய். நான் முதலில் பார்த்தது அதை அனுப்பிய திகதியைத்தான். 29. மாத டார்கெட்டை முடிக்க ஓடுகிற நேரம். அன்றைக்குக் கொழும்பில் எந்த ரெப்பை, அதாவது கடை கடையாகப் போய் விற்கும் விற்பனைப் பிரதிநிதியைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் உன் பெயரைப் போடாமல் பொதுவில் எழுதுகிறேன், கோபிக்காதே.

நான் சேல்ஸ் செய்தவள் இல்லை. விநியோகக் கம்பனி ஒன்றின் கணக்குப் பகுதியில் உட்கார்ந்து ரெப்மாரின் பில்களைப் பார்ப்பவள். உங்கள் மாதம் எப்படி ஓடுகிறது என்பது அந்த மேசைக்கு நன்றாகத் தெரியும். வெள்ளவத்தையில் ஒரு சின்னக் கடை, மாதத்துக்கு நாலு பெட்டி பிஸ்கட் போகும். டார்கெட்டை எட்டுவதற்காக 30ஆம் திகதி பின்னேரம் அந்தக் கடைக்குப் பதினைந்து பெட்டி பில் விழும். அடுத்த மாதம் 5ஆம் திகதி பதினொரு பெட்டி ரிட்டேன் வரும், ஒட்டிய டேப் கூடப் பிரியாமல். பில்லிலும் ரிட்டேன் நோட்டிலும் ஒரே முதலாளியின் கையெழுத்துத்தான். ஆனால் இரண்டாவதில் பேனா அழுத்தி, அடியில் இருக்கும் கொப்பி வரைக்கும் பதிந்திருக்கும். நடுவில் அந்த ரெப் "அண்ணே, இந்த ஒரு தடவை மட்டும்" என்று எத்தனை முறை கெஞ்சினான் என்பதற்கு எங்களிடம் பில் கிடையாது.

உனக்குப் பிடிக்காமல் போனது இந்தத் திணிப்பா, இல்லை விற்பதேவா? இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் முடிவு எடுக்காதே. பார்ப்பதற்கு மாதத்தின் முதல் கிழமைதான் சரி. டார்கெட் இன்னும் கழுத்தைப் பிடிக்காத நாட்கள் அவை. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரின் வண்டிகளுக்கு நடுவே புகுந்து போய், வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு மொத்தக் கடை முதலாளியோடு நின்று பேசும்போது உனக்கு எப்படி இருக்கிறது? அப்போதும் கடை வாசலில் கால் தயங்கினால், உள்ளே போக மனமில்லாமல் பைக்கில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தால், இந்தத் தொழில் உனக்கு வேண்டாம். நான் தடுக்க மாட்டேன்.

முதல் கிழமை நன்றாகப் போய், கடைசிக் கிழமையில் மட்டும்தான் தூக்கம் கெடுகிறது என்றால், மாற்ற வேண்டியது கம்பனியை. ஹோட்டல்களுக்கும் கன்டீன்களுக்கும் சப்ளை செய்யும் இடங்களைப் பார். அங்கேயும் டார்கெட் உண்டுதான். ஆனால் சமையலறையில் செலவாகிற அளவுக்கு மேல் எவரும் வாங்கி அடுக்கமாட்டார்கள், அதனால் திணிக்கிற வேலை குறைவு.

என் ஊகத்தைச் சொல்லவா? போன தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது, வேறு கம்பனிக்குப் போன கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் ஒருவர் திரும்பவும் உன்னிடமே வந்த கதையைச் சோறு ஆறும்வரை சொன்னாய். விற்பதை வெறுக்கிறவன் அப்படிச் சொல்லமாட்டான். இல்லை, கணக்குப் பக்கம்தான் வருவேன் என்று நின்றால் அதுவும் நல்லதுதான். ஏஏடி (AAT) என்ற கணக்கியல் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். எந்தக் கடை எப்போது காசு தரும் என்று தெரிந்த ஒருவன் கடன் வசூல் பிரிவுக்குக் கிடைத்தால் எந்த மனேஜரும் விடமாட்டார்.

சரி, காசுக்கு வருவோம். புது இடத்துச் சம்பளத்தோடு ஒப்பிடும்போது ஏப்ரலையும் டிசம்பரையும் தூக்கி ஓரமாக வை. புத்தாண்டுக்கும் நத்தாருக்கும் வந்த கொமிஷனைப் பார்த்தால் எந்தச் சம்பளமும் சின்னதாகத்தான் தெரியும். மந்தமான ஒரு மாதத்தில் கைக்கு வந்த தொகையை எடு. அதோடு கம்பனி தரும் பைக், பெற்றோல், போன் பில் மூன்றையும் சேர், ஏனென்றால் விலகும் அன்றே சாவியைக் கொடுக்க வேண்டும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பைக் விலை எங்கே போனது என்று உனக்குத் தெரியும். 2025இல் திறந்துவிட்டார்கள் என்பதற்காக லீசிங்கில் போய் விழுந்துவிடாதே.

அப்புறம், பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். உனக்கு மார்ச்சில்தான் ஐந்து முடிகிறது. ஜனவரியில் கோபத்தோடு எழும்பிப் போனால் இரண்டரை மாதச் சம்பளத்தைக் கம்பனிக்கு அன்பளிப்பாக விட்டுவிட்டுப் போகிறாய். அதில் இன்சென்டிவ் சேராது, இருந்தாலும் சும்மா விடுகிற காசா அது? ஈபிஎஃப்பில் (ஊழியர் சேமலாப நிதி) உன் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் எங்கும் ஓடிவிடாது. ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) காசை வேலை மாறும்போது எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். பைக்குக்கு முற்பணம் என்று அதில் கை வைக்காதே.

எந்த முடிவு எடுத்தாலும், கடிதத்தைக் கொடுக்கும் முன் ஒரு வேலை செய். உன் ரூட்டில் உள்ள ஒவ்வொரு கடையிலும் நிலுவை எவ்வளவு என்று எழுதி, திகதி போட்டு, கடை முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள். திகதி பிந்திய செக்குகளை ஒபிஸில் ஒப்படைக்கும் முன் போட்டோ எடுத்து வை. நீ போன மறு மாதம் "நான் அந்தத் தம்பியிடம் அப்பவே காசு கொடுத்துவிட்டேனே" என்று ஒரு கடையாவது சொல்லும். ரெப்மாரின் கடைசிச் சம்பளம் பெரும்பாலும் மாட்டுவது அங்கேதான். அந்த ஃபைல்கள் என் மேசைக்குத்தான் வருகின்றன.

சித்தியிடம் இப்போதைக்கு மூச்சு விடாதே. சொன்னால் அன்றிரவே கனடா மாமாவுக்குக் கோல் போகும், விடிவதற்குள் சித்தி உன் பாஸ்போர்ட் எங்கே என்று தேடத் தொடங்கிவிடுவார். மார்ச் வரட்டும், நானே வந்து அவருக்கு விளங்கப்படுத்துகிறேன்.

அன்புடன்,
அக்கா