டாக்டரும் கேட்காத கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அறிவியல் புனைகதைத் தொடர்களில் நிஜ ராஜா ராணிகள் தலைகாட்டுவதைப் பற்றிப் போன ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை, காபி ஆறியதுகூடத் தெரியாமல் படித்தேன். ஜோர்டானின் அப்துல்லா இளவரசராக இருந்தபோது, 1996-ல், 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' தொடரில் நீலச் சீருடையோடு சில நொடிகள் நின்றுவிட்டுப் போனார், மூன்று வருஷத்தில் மன்னரும் ஆனார். நடிகர் சங்கத்தில் உறுப்பினர் இல்லை என்பதால் அவருக்கு வசனமே கிடையாதாம். சங்க விதி என்று வந்துவிட்டால் இளவரசராவது மண்ணாவது. அந்தப் பகுதியைச் சிரித்துக்கொண்டே படித்தேன்.

எனக்கு உறுத்தியது அதற்கடுத்து வந்த ஒரே ஒரு வரி. டாக்டர் என்ற காலப் பயணியின் கதையான 'டாக்டர் ஹூ' தொடரில் விக்டோரியா மகாராணி ஓநாய் மனிதனிடமிருந்து தப்பிக்கும் ஜாலியான எபிசோடு என்று எழுதிவிட்டு, கட்டுரையாளர் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்த எபிசோடை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். ஜாலிதான், மறுக்கவில்லை. 2006 ஏப்ரலில் வந்தது. கதை நடப்பது ஸ்காட்லாந்தில், 1879-ல். பாலின் காலின்ஸ் மகாராணியாக வருகிறார், கறுப்பு உடை, கறார்ப் பேச்சு, கூடவே கணவரை இழந்த துக்கம். மகாராணியின் பெயரில் ஊரே சொல்லும் அந்த 'எமக்குச் சிரிப்பு வரவில்லை' வசனத்தை அவர் வாயாலேயே வரவழைக்கிறேன் என்று டாக்டரோடு கூடவே வரும் ரோஸ் பத்து பவுண்டு பந்தயம் கட்டிக்கொண்டு எபிசோடு முழுக்கப் படுத்தி எடுப்பாள். கடைசியில் மகாராணி டாக்டருக்கு 'சர்' பட்டம் கொடுக்கிறார், கொடுத்த கையோடு என் சாம்ராஜ்யத்தை விட்டே வெளியே போ என்று துரத்தியும் விடுகிறார். அந்த இடம் அருமை.

ஆனால் ஓநாயைக் கொல்வது டாக்டர் இல்லை, கோஹினூர் வைரம். மகாராணி அதை ஒரு சின்னப் பெட்டியில் கையோடு எடுத்து வந்திருக்கிறார், அபர்தீனில் மறுபடி பட்டை தீட்டக் கொடுப்பதற்காக. செத்துப்போன கணவர் ஆல்பர்ட் அதை எத்தனை தடவை வெட்டியும் திருப்திப்படவே இல்லையாம். ஏன் என்று பார்த்தால், கதை நடக்கும் மாளிகையில் இருக்கும் பெரிய தொலைநோக்கிக்குள் நிலா வெளிச்சத்தைக் குவித்து ஓநாயை அழிக்கத்தான் அவர் அந்தக் கல்லைத் தயார் செய்துகொண்டிருந்தாராம். கதையாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான முடிச்சு, வயிறு எரிவதும் அங்கேதான்.

நிஜத்தில் நடந்தது என்ன? 1849-ல் பஞ்சாபை விழுங்கியபோது லாகூர் ஒப்பந்தத்தில் இந்தக் கல்லுக்கென்றே தனியாக ஒரு ஷரத்து போட்டு, பத்து வயதுப் பையனான மகாராஜா துலீப் சிங்கைக் கையெழுத்துப் போட வைத்து வாங்கிக்கொண்டார்கள். 1851-ல் லண்டன் பெரிய கண்காட்சியில் கூண்டுக்குள் வைத்தார்கள். பார்க்க வந்த கூட்டம் என்னடா இது, மினுக்கவே இல்லையே, கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கிறதே என்று முகம் சுளித்தது. அந்த அவமானம் தாங்காமல்தான் அடுத்த வருஷம் ஆல்பர்ட் அதை வெட்டக் கொடுத்தார். டச்சுக்காரத் தொழிலாளிகள், நீராவி இயந்திரம், 38 நாள் வேலை. 186 காரட்டாக இருந்தது 105.6 காரட்டாகச் சுருங்கியது, அதாவது 40 சதவீதத்துக்கும் மேல் தூளாகப் போனது. அதோடு அந்த வேலை முடிந்தது, 1879-ல் மறுபடி வெட்ட ஒன்றும் பாக்கியில்லை. ஊரார் குறை சொன்னார்கள் என்பதற்காகக் கல்லைப் பாழாக்கியதை, தொலைநோக்குள்ள கணவர் மனைவியைக் காப்பாற்றச் செய்த தியாகமாக மாற்றிவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. 1854-ல் துலீப் சிங் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஓவியத்துக்கு நின்றுகொண்டிருந்தபோது, வெட்டிச் சுருங்கிய அந்தக் கல்லை மகாராணி அவரிடமே கொண்டுவரச் சொல்லிக் காட்டினார். பதினைந்து வயதுப் பையன் அதை ஜன்னலோரம் எடுத்துப் போய், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்துவிட்டு, திரும்பி வந்து மகாராணியின் கையிலேயே கொடுத்தார். அவரை வளர்த்த லாகின் சீமாட்டியின் நினைவுக் குறிப்புகளில் இது இருக்கிறது. பின்னாளில் துலீப் சிங்கே மகாராணியைத் திருட்டுச் சாமான் வாங்கி வைத்திருக்கும் அம்மாள் என்று கிண்டல் செய்தது வேறு கதை. கதை நடக்கும் 1879-ல் அவர் உயிரோடுதான் இருந்தார், அதே நாட்டில், எல்வெடன் பண்ணையில். நீலப்பெட்டியில் ஏறிக் காலத்தையே கடக்கும் டாக்டருக்கு அது எத்தனை தூரம்?

அந்த ஓநாய்க்கு வேண்டியது மகாராணியின் உடம்புக்குள் புகுந்து, அதன் வழியாக ஒரு சாம்ராஜ்யத்தையே பிடிப்பது. 'தாது வருஷப் பஞ்சத்துல அடிபட்டவன் மாதிரி தின்னாதடா' என்று இன்னமும் நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்தத் தாது வருஷம் 1876-77. சென்னை மாகாணத்தில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தபோது, 1877 ஜனவரி முதல் தேதி டெல்லி தர்பாரில் இந்த அம்மாளைத்தான் இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார்கள். கதை நடப்பது அதற்கு இரண்டே வருஷம் கழித்து. ஓநாய் கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

தொடரை எழுதியவர்களுக்கு இது உறைக்கவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அந்த மாளிகையின் பெயரிலேயே மகாராணி தொடங்கும் டார்ச்வுட் நிறுவனம், வேற்றுக்கிரகத்திலிருந்து எது வந்து விழுந்தாலும் அது எங்களுக்கே சொந்தம் என்பதைக் கொள்கையாக வைத்திருக்கிறது. 2017-ல் வந்த ஒரு எபிசோடில் செவ்வாய்க் கிரகத்திலேயே சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் போய் இறங்கி மகாராணி படத்தை மாட்டி வைத்திருப்பார்கள், படத்தில் இருப்பதும் பாலின் காலின்ஸ் முகமேதான். கிண்டல் புரிகிறது. அப்புறம் ஏன் கல்லின் விலையைப் பற்றி ரோஸும் டாக்டரும் அத்தனை வாய் பிளக்கிறார்கள், அது யாருடையது என்று மட்டும் கேட்கவில்லை?

கட்டுரையாளரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, நன்றாகத்தான் எழுதுகிறார். முடிந்தால் துலீப் சிங்கைப் பற்றி ஒரு முழுப்பக்கம் அவரையே எழுதச் சொல்லுங்கள், அந்த ஜன்னலோரக் காட்சியையும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
திருநெல்வேலி.