தரச்சான்று கட்டடத்தோடு நிற்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தேசியத் தரச்சான்று கிடைத்திருக்கிறது. வாசலில் பேனர் கட்டியிருக்கிறார்கள். "பெயின்ட் அடித்ததுதான் மிச்சம், சான்றிதழால் நோய் தீருமா" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். 30 ஆண்டுகள் சுகாதார ஆய்வாளராக இருந்த எனக்கு அதை ஏற்க முடியவில்லை.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில், தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். என்ற குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் பார்த்து எழுத வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஆனால் மாதக் கடைசியில் ஒரே பேனாவால், ஒரே உட்காரலில் 30 நாளுக்கும் 4, 5, 4 என்று நிரப்பிவிடுவார்கள். ராத்திரி முழுக்க கரன்ட் இல்லாத நாளுக்கும் 4 டிகிரிதான். அதைப் பார்த்தும் பேசாமல் இருந்தவர்களில் நானும் ஒருவன். இன்றும் அது உறுத்துகிறது.

தரச்சான்றுக்கு வரும் மதிப்பீட்டாளர்கள் பதிவேட்டோடு விடுவதில்லை. "கரன்ட் போனால் இந்த மருந்தை என்னம்மா செய்வீர்கள்?" என்று செவிலியரைக் கேட்பார்கள். கட்டிலில் இருக்கும் தாயிடமும் பேசுவார்கள். சான்று 3 ஆண்டுகளுக்குத்தான் செல்லும், நடுவில் ஆண்டுதோறும் சரிபார்ப்பும் உண்டு. அதற்குத் தயாரான பிறகுதான் அந்த நிலையத்தில் தெர்மாமீட்டரை உண்மையிலேயே பார்த்து எழுத ஆரம்பித்தார்கள்.

சரி, நிலையத்துக்குள் நடப்பதற்கு இப்படி ஓர் ஏற்பாடு வந்துவிட்டது. எங்கள் துறையின் பாதி வேலை தெருவில் அல்லவா இருக்கிறது? கடைசித் தெருக் குழாய்த் தண்ணீரிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். அதைச் சோதிக்கும் குளோராஸ்கோப் கருவியில் மருந்து சொட்டுவிட்டால் தண்ணீர் மஞ்சளாக வேண்டும். ஒரு கிராமத்தில் வயிற்றுப்போக்கு பரவியபோது நான் சொட்டுவிட்டுப் பார்த்தேன், நிறமே மாறவில்லை. அந்த வாரம் முழுக்க குளோரின் கலந்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தது. சாக்கடையை ஒட்டிப் போன குழாயில் விரிசல். இதையெல்லாம் வெளியாள் யாரும் வந்து கேட்பதில்லை. நாங்களே எழுதி, நாங்களே சரிபார்த்து, நாங்களே மேலே அனுப்புவோம். கொசுப்புழு ஆய்வும் அப்படித்தான்.

அமெரிக்காவில் மாவட்ட, மாநிலச் சுகாதாரத் துறைகளையே மதிப்பிட்டு அங்கீகாரம் தருகிறார்கள். விருப்பமுள்ள துறைகள் விண்ணப்பிக்கலாம். 2013-ல் முதன்முதலாக 11 துறைகள் அதைப் பெற்றன. தங்கள் பகுதி மக்களின் உடல்நிலை எப்படி இருக்கிறது, அதைச் சரிசெய்யத் திட்டம் என்ன என்று முதலில் காட்ட வேண்டும். 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. நம்மால் முடியாதா?

களப்பணியாளர்களுக்கு எழுத்து வேலை கூடும் என்ற பயம் நியாயமானது. ஏற்கெனவே அவர்கள் எழுதும் பதிவேடுகளில் பாதியைக் குறைத்துவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். முதலில் ஒரே ஒரு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் செய்து பார்க்கலாம். வருகிற மதிப்பீட்டாளரை அலுவலகத்தில் உட்கார வைக்காமல், நேராகக் கடைசித் தெருக் குழாய்க்கு அழைத்துப் போங்கள் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
திருவாரூர் மாவட்டம்