கோடியக்கரையில் முள்வெட்ட ஒரு நாள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடியக்கரை வன உயிரினச் சரணாலயத்தில் சீமைக் கருவேலம் அகற்றும் பணிக்கு, வனத்துறையின் அனுமதியோடு, சில ஆண்டுகளாக மாணவர்களை அழைத்துச் சென்று வரும் ஆசிரியன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1967இல் அறிவிக்கப்பட்ட இந்தச் சரணாலயம் வெளிமான்களின் இருப்பிடம். பெயரே சொல்வதுபோல அவை வெட்டவெளியில் மேய்பவை. நரி வருவதைத் தொலைவிலேயே கண்டு ஓடித் தப்புகின்றன. புல்வெளியில் முள் அடைந்துவிட்டால் மேய்ச்சலும் போகிறது, பார்வையும் மறைகிறது. பாலையும் நாவலும் நிற்கும் காட்டின் ஓரங்களிலும் இதே முள்தான் நெருக்குகிறது.

முதல் முறை சென்றபோது நாங்கள் அரிவாளால் தரைமட்டத்தில் வெட்டிக் குவித்துவிட்டு, பெரிய வேலை முடிந்தது என்று திரும்பினோம். ஒரு மழைக்குப் பின் போய்ப் பார்த்தால், ஒற்றைத் தண்டு நின்ற இடத்தில் ஐந்தாறு கிளைகள் துளிர்த்திருந்தன. சீமைக் கருவேலத்தின் மறுதுளிர்ப்பு அடித்தூரிலிருந்து, மண்ணுக்குள் புதைந்திருக்கும் பகுதியிலிருந்தும் வருவதால், ஒரு சாண் ஆழமாவது தோண்டித் தூரோடு எடுத்தாலொழிய வெட்டுவதால் பயனில்லை என்பதை அன்று மாணவர்கள் கண்ணால் கண்டு கற்றுக்கொண்டார்கள்.

தூரை எடுத்த பிறகும் விதை இருக்கிறது. இனிப்பான அந்த நெற்றை மாடும் மானும் விரும்பித் தின்பதால், சாணத்திலும் புழுக்கையிலும் விதைகள் சிதைவின்றி வெளிவந்து, நாம் வெறுமையாக்கிய இடத்திலேயே முளைக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் இளகியிருக்கும் மார்கழி, தை மாதங்களில் இந்தக் கன்றுகளை ஒரு பையன் கையாலேயே வேரோடு பிடுங்கிவிட முடியும். இரண்டு ஆண்டுகள் விட்டுவிட்டால் அதே செடிக்குக் கடப்பாரையும் இரண்டு ஆட்களும் வேண்டும்.

ஆகவே வனத்துறைக்கு என் வேண்டுகோள் இது. நூறு பேரை ஒரே நாளில் வரவழைத்து அனுப்புவதைவிட, இருபது பேர் கொண்ட குழு ஒன்றுக்கு ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, அதே குழு அதே இடத்துக்கு ஆண்டுக்கு இருமுறை, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு வந்துபோக அனுமதிக்க வேண்டும். நாட்டுக் கருவேலக் கன்றையும் சீமைக் கருவேலக் கன்றையும் பிரித்தறிய, உள்ளூர் வனக்காவலர் ஒருவர் தொடக்கத்தில் அரைமணி நேரம் கற்றுக்கொடுத்தால் போதும். பழகாத கை இரண்டையும் ஒன்றாகப் பிடுங்கிவிடுகிறது என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். சாதாரணச் செருப்பை இந்த முள் எளிதில் துளைத்துவிடும் என்பதால், கனத்த காலணியும் கையுறையும் இல்லாத மாணவர்களை உள்ளே விடக் கூடாது.

அயல் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்பதற்கென 2022இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. அதன் கீழ் தன்னார்வலர்களுக்கு இத்தகைய தொடர்பணியைத் தர முடியும். இந்த மழை ஓய்ந்ததும், சென்ற ஆண்டு நாங்கள் தூர் எடுத்த அதே இடத்தில் கன்று பிடுங்க என் மாணவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியர்,
வேதாரண்யம்.