வளைகாப்பு தள்ளிப் போகட்டும்

குடியாத்தம்

அன்புள்ள கயலுக்கு,

போனில் பேசினால் நீ அழுகிறாய், எனக்கும் பேச்சு வரமாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு பிபி 150/100, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு மாதத்துக்கேற்ற எடை இல்லை என்று டாக்டர் சொன்னதிலிருந்து, "நான் சரியாகச் சாப்பிடவில்லையோ" என்றே கேட்கிறாய். உன் சாப்பாட்டில் குறை இல்லையம்மா. இந்த மாதிரி கர்ப்பத்தில் பல நேரம் நஞ்சுக்கொடிக்கு (பிளசென்டா) போகும் ரத்தக்குழாய்கள் ஆரம்பத்திலேயே போதுமான அளவு விரிவதில்லை. ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் மதகு திறக்காவிட்டால் கழனிக்கு எப்படிப் பாயும்? "ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்று அத்தை சொல்வதைக் கேட்டு வயிற்றை நிரப்பிக்கொண்டால் மட்டும் அது சரியாகாது. தொப்புள்கொடியில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கத்தான் டாப்ளர் ஸ்கேன். அதைத் தள்ளிப்போடாதே.

பிபிக்குக் கொடுத்திருக்கும் லேபட்டலால் மாத்திரையை யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. அது பிள்ளையின் எடையைக் கூட்டாது, உண்மைதான். ஆனால் பிபி எகிறி உனக்கு ஒன்றும் ஆகாமல் காப்பது அதுதான்.

நான் நர்ஸாக இருந்த துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு பெண் வந்தாள். ஏழு மாதம். விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை, சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். தலைவலி எப்படி என்று கேட்டதற்கு, "கண்ணு முன்னாடி பூச்சி பறக்குதுக்கா" என்றாள். உடனே 108-ஐக் கூப்பிட்டு அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளையைக் கொஞ்ச நாள் இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் நல்லபடியாக வீடு திரும்பினார்கள். அவள் அன்று தைலம் தடவிப் படுத்திருந்தால் என்னவாகியிருக்கும்!

நீயும் அப்படிப் படுத்துவிடாதே. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. பிபி 160/110 காட்டினால் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்து உட்காராதே.

அப்புறம், வளைகாப்பு. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று ஊரே பேசும். பேசட்டும். உன் கேஸ் தெரிந்த டாக்டரும் பச்சைக் குழந்தைகளுக்கான ஐசியுவும் நீ இருக்கும் கொச்சியிலேயே பக்கத்தில் இருக்கும்போது, இந்த நிலையில் உன்னை ரயிலேற்றிக் கூட்டிவர எனக்கு மனசில்லை. அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், முகம் சுருங்கினாலும் சரி என்றார்.

காட்பாடியில் ராத்திரி வண்டி ஏறி நானே வருகிறேன். பிரசவமான பிறகும் பிபி ஏறலாம், அதனால் ஆறு வாரமாவது உன்கூட இருப்பேன். மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு பிபி மிஷின் வாங்கி வை. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல்கையில் கட்டுவதாக, பட்டை உன் கைக்குச் சரியான அளவில் இருக்கட்டும். பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார், வருகிற எண்ணை நோட்டில் எழுது.

அன்புடன்,
அம்மா