வலி என்றால் நம்ப வேண்டும்

பொகவந்தலாவை

அன்புள்ள ராணி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை நிரந்தரமானதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். இங்கே மழை விடவில்லை, கொழுந்தும் குறைவு.

அண்ணன் மகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் அன்று நடந்ததில் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. குளிர் இறங்கிய ராத்திரியில் இடுப்பும் காலும் பிடித்துக்கொண்டு துடித்திருக்கிறாள். 1990 இலக்கத்துக்கு அழைத்ததும் அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில்தான் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். காய்ச்சல் இல்லை, பிரஷர் சரி, அதனால் அவசரமில்லையாம். அண்ணி கிளினிக் கொப்பியை நீட்டியும் பனடோல்தான் கிடைத்தது. "ஊசி கேட்டு அடிக்கடி வாற பிள்ளை" என்று ஒருவர் சொன்னாராம். அதுதான் அண்ணியை அழ வைத்தது.

அவளுக்கு இருப்பது சிக்கிள் செல், பீட்டா தலசீமியா என்ற இரண்டும் சேர்ந்த பரம்பரை ரத்த நோய். தலசீமியா பிள்ளைகள் ரத்தம் ஏற்ற வருவது இங்கே தாதிமாருக்குத் தெரியும். ஆனால் சிக்கிள் செல் வலி பலருக்குப் புதிது. வளைந்த சிவப்பணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்க, ரத்தம் போகாத இடம் வலிக்கிறது. பிரஷர் மெசின் அதைக் காட்டாது. பிள்ளை சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

இந்த வலிக்கு ஆஸ்பத்திரியில் என்ன செய்ய வேண்டும் என்று நீ அனுப்பிய இங்கிலாந்து வழிகாட்டியைப் படித்தேன். வந்து 30 நிமிடத்துக்குள் வலி மருந்து, வலி அடங்கும்வரை 30 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பது, பெத்திடின் என்ற வலி மருந்து கூடாது என்றெல்லாம் 2012இலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் 2019இல் அங்கேயே சிக்கிள் செல் உள்ள ஓர் இளைஞன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி ஒட்சிசன் கேட்டு அவசர இலக்கத்துக்கு அழைத்தானே, பிறகு இறந்தும் போனானே. அதைப் படித்தபின் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. வெறும் தாள் போதாது, ராத்திரி டியூட்டியில் இருப்பவருக்கும் விசயம் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் இரண்டையும் செய்யப் பார்க்கிறோம். கிளினிக் டாக்டர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டப்படும். அதில் மருந்தும் அளவும் இருக்கும். காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒருபக்கம் கைகால் விழுவது என்று வந்தால் ஒரு நிமிடமும் காக்க வைக்கக் கூடாது என்பதும் பெரிய எழுத்தில் இருக்கும். வலிக்கும் இடத்தில் ஐஸ் வைக்கக் கூடாது என்பதையும் சேர்க்கச் சொன்னேன். மேற்றனும் தாதிமாரைக் கூட்டிப் பேசச் சம்மதித்திருக்கிறார்.

உங்கள் வாட்டில் பாவிக்கும் தாளின் மாதிரி இருந்தால், நோயாளி பெயர் இல்லாமல், வாட்ஸ்அப்பில் அனுப்பு. அடுத்த கிளினிக்குக்கு முன் டாக்டர் கேட்கிறார்.

அன்புடன்,
கலா