லிமோன்செல்லோ செய்ய விரும்பும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

எலுமிச்சைத் தோலை மதுசாரத்தில் ஊறவைத்துச் செய்யும் இத்தாலிய இனிப்பு மதுபானமான லிமோன்செல்லோவை ஒஸ்லோவில் உன் வீட்டிலேயே செய்து பார்க்கப் போவதாக நீ சொன்னது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. செய்முறைகள் எங்கும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அளவுகளைச் சொல்லிவிட்டுக் காரணங்களைச் சொல்லாமல் விடுகின்றன. தென் இத்தாலியின் இந்தச் சொரெண்டோக் கரையில் எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவே இத்தனை காலம் வாழ்ந்தவன் என்ற முறையில், அந்தக் காரணங்களை உனக்கு எழுதுகிறேன்.

இந்தப் பானத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு துளியும் இல்லை. அதன் மணம், நிறம், சுவை அனைத்தும் தோலின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய எண்ணெய்ப் பைகளிலிருந்தே வருகின்றன. ஆகவே பழத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. கஷ்கொட்டை மரக் கம்புகளால் பந்தலிட்டு, குளிர்காலத்தில் மேலே பாய் விரித்து, காற்றிலிருந்தும் ஆலங்கட்டி மழையிலிருந்தும் இங்குள்ளவர்கள் இந்த மரங்களைக் காப்பது, தடித்த தோலும் நிறைந்த மணமும் உள்ள பழத்துக்காகவே. சொரெண்டோ எலுமிச்சைக்கும், நீண்டு கூர்மையான அமால்ஃபி எலுமிச்சைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு உண்டு. அவை உனக்குக் கிடைக்காவிட்டால் சிசிலியின் சிராக்கூசாப் பழமும் நல்லதே. எதை வாங்கினாலும், மெழுகு பூசாத, அறுவடைக்குப் பின் மருந்து தெளிக்காத பழமாக இருக்க வேண்டும். தோலில் உள்ளது எதுவாயினும் அது அப்படியே மதுசாரத்துக்குள் இறங்கிவிடும் என்பதால், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே.

பழங்களைக் கழுவி நன்றாகத் துடைத்து உலர்த்திய பின், கூரிய தோல்சீவியால் மஞ்சள் பகுதியை மட்டும் மெல்லியதாகச் சீவி எடு. அதன் கீழுள்ள வெண்ணிறத் தோல் கசப்பானது. அந்தக் கசப்பு ஒருமுறை கலந்துவிட்டால் எவ்வளவு சீனி சேர்த்தாலும் மறையாது. அவசரப்படாமல், கையை லேசாக வைத்துச் சீவுவதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை. தோல் நீக்கிய பழங்களைப் பிழிந்து, சாற்றை உறைய வைத்துச் சமையலுக்கு வைத்துக்கொள்.

இங்கே 96 சதவீத மதுசாரம் சாதாரணக் கடைகளிலேயே விற்கப்படுகிறது. அரை லீற்றர் மதுசாரத்தில் ஐந்தாறு பெரிய பழங்களின் தோலை ஊறவைத்து, பின்னர் 850 மில்லிலீற்றர் நீரில் 375 கிராம் சீனியைக் கரைத்துச் சேர்த்தால், ஏறக்குறைய 30 சதவீத வலிமையுள்ள பானம் கிடைக்கும். நோர்வேயிலோ 60 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுசாரத்தை விற்பதில்லை. இந்த அளவை அப்படியே பின்பற்றினால் உன் பானம் நீர்த்துப் போகும். அதனால், மணமில்லாத 60 சதவீத மதுசாரம் அரை லீற்றருக்கு 350 மில்லிலீற்றர் நீரும் 250 கிராம் சீனியும் போதும். அப்போதும் வலிமை 30 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். வலிமை குறைந்த மதுசாரம் எண்ணெயை மெதுவாகவே இழுக்கும் என்பதால், இங்கே ஒரு வாரத்தில் முடிகிற ஊறலுக்கு அங்கே இரண்டு மூன்று வாரம் கொடு. நாட்களை எண்ணுவதை விடத் தோலைப் பார்ப்பதே சரியான அளவுகோல். நிறம் முழுவதும் மதுசாரத்துக்கு இறங்கி, தோல் வெளிறிப்போயிருந்தால் ஊறல் முடிந்தது என்று பொருள்.

கண்ணாடிப் போத்தலை இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வை. மதுசாரம் எளிதில் தீப்பற்றும். எனவே அடுப்புக்கு அருகில் அதைத் திறக்கவே கூடாது. குடிப்பதற்கென்று விற்கப்படுவதைத் தவிர வேறு எந்த மதுசாரத்தையும் வாங்காதே. துப்புரவுக்காக விற்பது நஞ்சு.

சீனிப்பாகு முற்றிலும் ஆறிய பிறகே வடிகட்டிய மதுசாரத்துடன் சேர வேண்டும். சேர்க்கும்போது, தெளிந்த மஞ்சளாக இருந்த திரவம் உன் கண் முன்னாலேயே கலங்கி, பால் கலந்தது போலாகும். கெட்டுப்போய்விட்டது என்று அஞ்சாதே. மதுசாரத்தில் கரைந்திருந்த எண்ணெய், நீர் சேர்ந்ததும் கரைந்திருக்க முடியாமல் மிக நுண்ணிய துளிகளாகப் பிரிந்து மிதப்பதால் வரும் கலக்கம் அது. நல்ல தோலைப் போதிய அளவு பயன்படுத்தியிருக்கிறாய் என்பதற்கு அதுவே சாட்சி. சுற்றுலாப் பயணிகளுக்கென்று இங்கே விற்கப்படும், கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறப் போத்தல்கள் பலவற்றில் அந்த நிறம் சாயத்தால் வருகிறது. அவற்றை ஒருபோதும் அளவுகோலாகக் கொள்ளாதே.

இதை முதலில் செய்தவர்கள் தாங்களே என்று சொரெண்டோ, அமால்ஃபி, காப்ரி மூன்றும் உரிமை கொண்டாடுகின்றன. 1988-இல் காப்ரித் தீவைச் சேர்ந்த மாசிமோ கனாலே இந்தப் பெயரில் வணிகக் குறியைப் பதிவுசெய்தார். எனக்கு அந்தப் போட்டியில் ஆர்வமில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தனி அளவு ஒன்று இருப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

கலந்த பின் இன்னும் சில வாரங்கள் ஓய்வு கொடுத்தால் மதுசாரத்தின் காரம் தணிந்து மணம் முன்வரும். பிறகு பிரீசரில் வை. சரியான வலிமை இருந்தால் அது உறையாமல் தடித்து நிற்கும். பனிக்கட்டியானால் நீர் கூடிவிட்டது என்று அறிந்து, அடுத்த முறை குறைத்துக்கொள். உணவுக்குப் பின், குளிர்ந்த சிறிய கிண்ணத்தில் ஒன்றே ஒன்று என்பதுதான் இங்குள்ள வழக்கம். மீன் உணவுக்குப் பின் அது மிகவும் பொருந்தும். இனிப்பும் குளிரும் அதன் வலிமையை மறைத்துவிடும் என்பதால் இரண்டாவதை ஊற்றும் முன் சற்றுப் பொறு, அம்மா. எஞ்சியதை வனிலா ஐஸ்கிரீமின் மேல் ஊற்றியும் உண்ணலாம்.

ஊறவைத்த நாளைப் போத்தலில் எழுதி ஒட்டு. தோல் வெளிறியதும் எனக்கு ஒரு படம் அனுப்பு. அதைப் பார்த்த பிறகு பாகு காய்ச்சலாம்.

அன்புடன்,
அப்பா